ஸனத் இல்லாத சுவிசேஷம்

ஆரம்பகாலக் கிறிஸ்தவத்தைப் பற்றி ‘உலகையே உலுக்கும்’ கண்டுபிடிப்பு என்று சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவதொன்று வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை உடனே பகிர்வோரில் நம்மவர்களும் முன்வரிசையில் நிற்கிறார்கள். “பாத்தீங்களா சேர், நாங்க சொன்னது சரியாப் போச்சு” என்ற பேச்சை நானும் பலதடவை கேட்டிருக்கிறேன். அந்த அவசரத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

2012 செப்டம்பரில் ரோமில் நடந்த கொப்திய ஆய்வு மாநாட்டில், ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை கரன் கிங் ஒரு பப்பிரஸ் துண்டை அறிமுகப்படுத்தினார். விசிட்டிங் கார்ட் அளவுதான் இருக்கும். அதில் இயேசு தன் மனைவியைப் பற்றிப் பேசுவதாக ஒரு முறிந்த வரி. இயேசு மணமுடித்தார் என்பதற்கு இது சான்றாகாது என்று கிங் அன்றே சொன்னார். ஆனால் ‘இயேசுவின் மனைவியின் சுவிசேஷம்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. பெயர் ஊரெல்லாம் போனது. எச்சரிக்கை மாநாட்டு மண்டபத்தோடு நின்றுவிட்டது.

துண்டைக் கொடுத்தவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றார், அதற்குச் சம்மதிக்கப்பட்டது. ஹதீஸ் கலையை ஓரளவு படித்தவருக்கும் இங்கே மணி அடிக்க வேண்டும். அறிவிப்பாளர் ஆரென்று தெரியாத செய்தியை நமது முஹத்திஸ்கள் என்ன செய்தார்கள்? மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் ஸனதைக் கேட்டார்கள்.

ஆய்வுகூடங்கள் பப்பிரஸ் பழையது என்றன. பழைய தாளில் புதிதாக எழுத முடியாதா என்ன? பிடிகொடுத்தது பாடம்தான். வரிகள் தோமாவின் சுவிசேஷத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை என்று பிரான்சிஸ் வாட்சன் காட்டினார். அந்தச் சுவிசேஷத்தின் இணையப் பதிப்பொன்றில் ஓரிடத்தில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. துண்டிலும் அதே இடத்தில் அதே எழுத்து இல்லை என்பதை அன்ட்ரூ பேர்னார்ட் கண்டார். பரீட்சை விடைத்தாள் திருத்துகிற எங்களுக்கு இது புதிதல்ல. இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதினால் ஒன்றும் சொல்ல ஏலாது. இரண்டு பேரும் ஒரே பிழையை விட்டால் கொப்பி அடித்தது தெரிந்துபோகும்.

2016இல் பத்திரிகையாளர் ஏரியல் ஸபார், ஆய்வுகூடத்துக்குப் போகாமல், துண்டு வந்த வழியைத் தேடிப் போனார். உரிமையாளரைக் கண்டுபிடித்து, அவர் சொன்ன கதையிலுள்ள ஓட்டைகளை வெளிக்கொணர்ந்தார். அதன் பிறகு, இது போலியாகவே இருக்கக்கூடும் என்று கிங்கும் ஒத்துக்கொண்டார். நாலு வருடம் இழுபட்ட விடயத்தை முடித்துவைத்தது ஸனத் விசாரணைதான்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நபிமார் மணமுடிப்பது நமக்கு ஆச்சரியமான விடயமல்ல. தூதர்களுக்கு மனைவியரும் சந்ததிகளும் இருந்ததை ரஃது அத்தியாயத்தின் 38ஆம் வசனம் கூறுகிறது. அதனாலேயே இச்செய்தி நம் காதுக்கு இதமாக இருந்தது. இதமாக இருப்பதைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

பர்னபாவின் சுவிசேஷமும் இப்படித்தான். 1907இல் ஆங்கிலத்திலும் அடுத்த வருடம் அரபியிலும் வெளிவந்த நாளிலிருந்து நம்மவர்கள் அதை விவாத மேடைகளில் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதிலோ இயேசு கப்பலேறி நாஸரேத்துக்குப் போகிறார். நாஸரேத் கடற்கரை ஊரே அல்ல. நூறு வருடத்துக்கொருமுறை வரும் யூபிலி பற்றியும் அதில் பேசப்படுகிறது. தௌராத்தில் யூபிலி ஐம்பது வருடத்துக்கொருமுறை. நூறு வருடக் கணக்கு 1300இல் பாப்பரசர் எட்டாம் பொனிபஸ் கொண்டுவந்தது. அப்படியென்றால் எழுதியவர் அதற்குப் பிந்தியவர். நமக்குச் சாதகமான வசனங்கள் இருப்பதால் இந்தப் பிழைகள் இல்லாமல் போய்விடுமா?

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையில், அடுத்த சமயத்தாரைப் பற்றிய செய்திக்கு விலக்கு எதுவும் இல்லை. நமது மார்க்கத்தைப் பற்றி வெளியாகும் மலிவான பரபரப்பு நூல்களைக் கண்டு நாம் கொதிக்கிறோம், கொதிப்பது நியாயம்தான். அதே மலிவுச் சரக்கு பக்கத்துத் தெருக் கிறிஸ்தவரின் ஈமானைக் கிண்டல் செய்ய உதவும்போது கைதட்டினால், நாளைக்கு நமது முறைப்பாட்டை ஆர் கேட்பார்?