ஹாரிஸின் கணக்கில் வராத மாடு

மாட்டிறைச்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது புகலிட நண்பர்களிடையே மார்வின் ஹாரிஸின் பெயர் தவறாமல் வந்து விழுகிறது. அண்மையில் ஒரு வீட்டுச் சந்திப்பிலும் அதுவே நடந்தது. "புனிதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லைத் தோழர், எல்லாம் பொருளாதாரம்தான்" என்று ஒரு நண்பர் விவாதத்தை முடித்து வைத்தார். அந்த அவசரம்தான் ஹாரிஸை மீண்டும் கையிலெடுக்க என்னைத் தூண்டியது.

இந்தியாவின் புனித மாடுகள் பற்றி 1966இல் ஒரு கட்டுரை, 1974இல் பசுக்களையும் பன்றிகளையும் சூனியக்காரிகளையும் பற்றிய நூல், 1985இல் உணவு விலக்குகளுக்கென்றே இன்னொரு நூல். எல்லாவற்றிலும் இந்த அமெரிக்க மானிடவியலாளர் சொல்வது ஒன்றையே. ஒரு சமூகம் ஒரு விலங்கைத் தின்னாமல் விடுவது மூடநம்பிக்கையால் அல்ல, தின்பதால் வரும் நட்டம் இலாபத்தை விஞ்சுவதால். எருது உழுகிறது, சாணம் எரிகிறது. வரட்சியில் பசி தாங்காது மாட்டை அறுப்பவனுக்கு அடுத்த மழைக்கு உழவு இல்லை. ஆகவே மதம் அவன் கையைப் பிடித்துத் தடுக்கிறது.

மார்க்சியத்தில் பழகிய எமது தலைமுறைக்கு இது இனித்தது. எனக்கும்தான். பட்டினி கிடந்தும் மாட்டைத் தின்னாத மடையர்கள் என்று மேற்கத்தையர் சிரித்தபோது ஹாரிஸ் அந்தச் சிரிப்பை நிறுத்தினார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

ஆனால் அவரது கணக்கை ஐரோப்பிய மண்ணிலேயே, குதிரையை வைத்துப் பரிசோதித்துப் பார்ப்போம். 732 அளவில் மூன்றாம் கிரகரி பாப்பரசர், ஜெர்மானியரிடையே சமயம் பரப்பிய பொனிபாஸுக்குக் கடிதம் எழுதிக் குதிரை இறைச்சியைத் தடைசெய்யப் பணித்தார். குதிரைப் படை தேவைப்பட்ட காலம் என்கிறார் ஹாரிஸ். இருக்கலாம். ஆயினும் ஐஸ்லாந்து கி.பி. 1000 அளவில் கிறிஸ்தவத்தை ஏற்றபோது, குதிரை இறைச்சி தின்னும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டே ஏற்றது. பழைய தெய்வங்களுக்குப் பலியிட்டு உண்ட விலங்கு அது. இங்கே இறைச்சி, யார் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் அடையாளம். படைக்கணக்கு மட்டும் போட்டால் இது விளங்காது.

பிறகு பிரான்ஸ். 1865இல் பாரிஸின் ஆடம்பர விடுதியொன்றில் கனவான்கள் கூடிக் குதிரை விருந்து உண்டார்கள். தொழிலாளருக்கு மலிவான இறைச்சி கிடைக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். 1866இல் குதிரை இறைச்சிக் கடைகளுக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. 1870 - 71 முற்றுகையில் பாரிஸ் தன் குதிரைகளை மட்டுமல்ல, விலங்குக் காட்சிச்சாலையின் யானைகளையும் தின்றது. முற்றுகை முடிந்ததும் கனவான்கள் மாட்டுக்குத் திரும்பினர், குதிரை ஏழைகளின் கடையிலேயே தங்கியது. வாசலில் பொன்னிறக் குதிரைத் தலை தொங்கும் அந்தக் கடைகள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. பயன் என்றால் யாருக்குப் பயன்? ஹாரிஸ் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டுவிட்டு விரைவாகக் கடந்துபோகிறார்.

இந்திய மாட்டில் அந்த விரைவு மன்னிக்க முடியாததாகிறது. செத்த மாட்டை அகற்றி அதன் இறைச்சியைத் தின்னும் சாதிகளை அவர் காணாமல் விடவில்லை. புரதம் வீணாகாமல் மிகவும் தேவையானவரைச் சென்றடைகிறது என்று அதையும் தன் கணக்கின் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். இவ்விடத்தில்தான் நான் நூலை மூடிவைத்தேன்.

ஏனென்றால் 1927இலேயே, மகத்தில் கூடிய தம் மக்களிடம் செத்த மாட்டைத் தின்பதைக் கைவிடுங்கள் என்று அம்பேத்கர் கேட்டார். ஹாரிஸின் வரவுப் பக்கத்தில் இருப்பவர்களே அந்த வரவு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1948இல் தீண்டாதார் பற்றிய நூலில் அம்பேத்கர் இன்னும் ஒரு படி போனார். பார்ப்பனர் மாட்டிறைச்சியைத் துறந்து பசுவைப் புனிதமாக்கிய பின், தொடர்ந்து தின்றவர்கள் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டனர் என்றார். வரலாறாக இதை முழுதும் ஏற்க எனக்குத் தயக்கமுண்டு. ஆனால் கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது. விலக்கு ஒரு விலங்கை மட்டுமல்ல, மனிதரையும் தள்ளிவைக்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்களைப் பசுக் காவலர்கள் கட்டிவைத்து அடித்தனர். அதன்பின் தலித்துகள் செத்த மாடுகளைத் தொட மறுத்தார்கள், சுரேந்திரநகரில் ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். கலோரிக் கணக்கில் இந்த மறுப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

எமக்கும் இது தெரியாததல்ல. எங்கள் ஊரில் மாட்டிறைச்சி குசினிக்குள் வராது. வெளியே, வேறு சட்டியில்தான் காய்ச்சுவார்கள். 'மாடு தின்னி' என்ற வசை எவரைக் குறிக்கிறது என்று எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அந்தச் சந்திப்பில் மதியம் கோழிக்கறியும் ஆட்டிறைச்சிக்கறியும் வைத்திருந்தார்கள். மாட்டிறைச்சியும் ஒரு சட்டி காய்ச்சியிருக்கலாமே என்று கேட்டேன். "எங்களுக்குப் பிரச்சினை இல்லை. வாற ஆக்கள் ஒரு மாதிரிப் பாப்பினம்" என்றார் வீட்டுக்காரர். வந்த ஆட்களில் இருவர் வழியில் ரயில் நிலையத்தில் ஹம்பேர்கர் தின்றுவிட்டு வந்தவர்கள், அதை அவர்களே சொன்னார்கள். பாரிஸில் எந்த எருது உழுகிறது, எந்தச் சாணம் எரிகிறது என்று பொருளாதார நண்பரைக் கேட்டேன். கோழிக்கறி நல்லாய் வந்திருக்கு என்றார்.