தோன்றா எழுவாய்: பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளை முன்வைத்து

என் அத்தை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்வி நிறுவனத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தாள். பெயர் வேண்டாம். அதிராம்பட்டினத்திலிருந்து போய் எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அறிவிப்புப் பலகையில் நாள் முடிந்துபோன தாள்களைக் கிழித்துப் போடுவதும் அவள் வேலைதான். ஒரு பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று கட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். அந்தப் பின்பக்கத்தில்தான் நான் நன்னூலுக்குக் குறிப்பெழுதினேன். கை வலித்தால் தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் படிப்பேன். யாருக்கு ஊதிய உயர்வு, யார் ஓய்வு பெறுகிறார், எந்தத் துறையில் கருத்தரங்கு, யாருக்குப் பாராட்டு விழா, பண்டிகை முன்பணத்துக்கு யார் யார் மனுப் போடலாம்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "என்னடா தம்பி போட்டுருக்கு, எங்களுக்கு எதுனா இருக்கா?" என்பாள். ஒருநாள் முன்பணத் தாளைப் படித்துக் காட்டினேன். ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவரும் என்று இருந்தது. அவள் காண்ட்ராக்ட். பன்னிரண்டு வருஷமாக அதே வராண்டாவைப் பெருக்கியும் அவளுக்கு நிறுவனத்தின் கணக்கில் பெயர் கிடையாது, காண்ட்ராக்டர் வைத்திருந்த நோட்டில்தான் இருந்தது. விளக்கிச் சொன்னேன். "அப்ப அனைவரும்னா யாருடா?" என்று கேட்டாள். தமிழ் படிக்கிறவன் என்று பேர், எனக்குப் பதில் வரவில்லை.

சுற்றறிக்கைக்கெல்லாம் விமர்சனமா, கதை கவிதை தீர்ந்துபோச்சா என்று தோழர்கள் கேட்கலாம். கல்வெட்டைப் பாடமாக வைத்து நமக்குப் பட்டம் கொடுக்கிறார்களே, அது என்ன? தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருப்பது ராஜராஜன் காலத்து அறிவிப்புப் பலகைதான். எந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும், 400 தளிச்சேரிப் பெண்டுகளில் யாருக்கு எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, யாருக்கு என்ன பங்கு என்று பணியாளர் பட்டியலே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் தெருவும் வருகிறது. ஊரின் மொத்த நிலத்திலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசையாகக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி போட்டிருக்கிறார்கள். வரி போடாதது சலுகை என்று விளக்குகிறவர்கள் உண்டு, விளக்கட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆவணத்துக்குள் நாம் கழித்தல் கணக்காக நுழைந்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். அனைவரும் என்று எழுதி, சொல்லாமலே கழித்துக்கொள்கிற இன்றைய தாளை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

சுற்றறிக்கை என்கிற பிரதியின் உயிர் 'படு' என்ற துணைவினையில் இருக்கிறது. தெரிவிக்கப்படுகிறது. கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நிறுத்திவைக்கப்படுகிறது. பரிசீலிக்கப்படும். யார் தெரிவிக்கிறார், யார் நிறுத்துகிறார் என்று எழுதத் தேவையில்லை, வாக்கியம் தன்பாட்டுக்கு நிற்கும். இதைத் தோன்றா எழுவாய் என்று சொல்லக்கூடாது, செயப்பாட்டுவினையில் கருத்தா தொக்கு நிற்பது வேறு இலக்கணம் என்று புலவர்கள் திருத்த வருவார்கள். தெரியும் ஐயா, நானும் அதைத்தான் படித்தேன். எனக்கு வேண்டியது அந்தப் பெயர், ஏனென்றால் உண்மையில் தோன்றாமல் இருப்பது ஓர் ஆள். 1968இல் வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். எரிந்து இறந்தார்கள் என்று எழுதினாலும் தமிழ் வாக்கியம் குறையில்லாமல்தான் இருக்கும்.

படிப்பு முடித்து, நெட்டும் தேறி, சில வருஷம் கழித்து ஓர் இடத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். அந்தப் பெயரும் வேண்டாம். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஒரே பணியிடம். நாங்கள் நாலு பேர், நாலு பேருக்கும் தகுதித்தேர்வுச் சான்றிதழ் இருந்தது, ஒருவர் முனைவர் பட்டமே வாங்கியிருந்தார். சிலப்பதிகாரத்தில் இரண்டு கேள்வி, சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று இரண்டு கேள்வி. ஆறு மாசம் கழித்துப் பலகையில் ஒட்டினார்கள்: உரிய தகுதியுடையவர் எவரும் கண்டறியப்படவில்லை. நாலு பேர் எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறோம். கண்டறிய முடியாத அளவுக்கு நாங்கள் என்ன காற்றா? வட இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதற்கு என்.எஃப்.எஸ். என்று மூன்றெழுத்துப் பெயரே வைத்து, அதை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. அந்த வாக்கியத்துக்குக் காரணம் சொல்லும் கடமை கிடையாது. தகுதி என்றால் என்ன, கண்டுபிடிக்கப் போனது யார், எங்கே தேடினார்கள், ஒன்றும் இல்லை. ஒரு 'படு'வும் ஒரு 'இல்லை'யும் சேர்ந்து ஓர் ஆளின் பத்து வருஷப் படிப்பை மூடிவிடும்.

இனி சுழற்சிக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பக்கம் இதை விளக்குவது சுலபம். கல்லணைக் கால்வாய்க்குக் கடைமடை நாங்கள். மேட்டூரில் திறந்தாகிவிட்டது என்று பேப்பரில் செய்தி வரும், அமைச்சர் பூ தூவுகிற படமும் வரும், எங்கள் வாய்க்காலில் கட்டாந்தரைதான் இருக்கும். தண்ணீர் குறைந்த வருஷம் முறை வைத்து விடுவார்கள். முறை என்பதில் தண்ணீரின் அளவு மட்டும் முக்கியமில்லை, எந்த மதகிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் விஷயம். மேல்மடையிலேயே எண்ணி முடித்துவிட்டால் கடைமடைக்கு முறை இருந்தும் தண்ணீர் இராது. பல்கலைக்கழகப் பணியிடமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இந்த எண்ணிக்கை பழசு. 1927ஆம் ஆண்டின் வகுப்புவாரி அரசாணை அரசுப் பணிக்கு 12 இடம் கொண்ட ஒரு சுற்றை வைத்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர், முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர் ஆகியோருக்கு இரண்டிரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று. சமூகநீதியின் முதல் பக்கம் என்று நாம் கொண்டாடும் தாளிலும் பன்னிரண்டில் ஒன்றுதான் நமக்கு.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் 200 புள்ளிச் சுழற்சி இருந்தது. முழுப் பல்கலைக்கழகமும் ஓர் அலகு. 200 இடத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 30, பழங்குடியினருக்கு 15, பிற்படுத்தப்பட்டோருக்கு 54. ஆக 99 போக மீதி 101 பொது. 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம் பல்கலைக்கழகம் அலகல்ல, துறைதான் அலகு என்றது. அதைப் பின்பற்றி 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக்குழு ஒரு கடிதம் அனுப்பியது. இடஒதுக்கீடு ரத்து என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. 15 சதவீதம் 15 சதவீதமாகவே இருந்தது. எண்ணத் தொடங்கும் மதகை மட்டும் மாற்றினார்கள்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 100ஐ 27ஆல் வகுத்தால் மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக நாலாவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, பிறகு எட்டாவது, பன்னிரண்டாவது. 100ஐ 15ஆல் வகுத்தால் ஆறே முக்காலுக்குக் கிட்டத்தில் வரும். ஆக ஏழாவது இடம் நமக்கு. பழங்குடியினருக்கு ஏழரையால் வகுத்தால் பதிமூன்று தாண்டிவிடும், பதினாலாவது. இதைத்தான் 13 புள்ளிச் சுழற்சி என்றார்கள். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும். எந்தத் துறையில் ஏழு பேராசிரியர் பணியிடம் இருக்கிறது? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்று உதவிப் பேராசிரியர் பணியிடம் உள்ள துறையில் பிற்படுத்தப்பட்டவருக்குக்கூட இடம் வராது. சட்டப்படி 15 சதவீதம் இருக்கிறது, கணக்குப்படி ஏழாவது ஆள் வருகிறவரை காத்திரு. நாலாவது ஆளே வராத துறையில் ஏழாவது ஆள் எப்ப வருவான்? நம் டெல்டாவில் நீலக்குடியில் இருக்கிற தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009இல் வந்தது. புதுப் பல்கலைக்கழகம் என்றால் சின்னச்சின்னத் துறைகள்தான். அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் கடிதம் என்ன வேலை செய்யும் என்று யோசியுங்கள்.

2019 ஜனவரி 22 அன்று உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. மார்ச் 5 அன்று, கடிதம் வந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. மார்ச் 7 அன்று அவசரச் சட்டம், ஜூலையில் நாடாளுமன்றத்தில் சட்டம். மறுபடி பல்கலைக்கழகமே அலகு. தெருவில் இறங்கியதால் வந்தது அது. ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு கழித்தல் பட்டியல் இருக்கிறது. அட்டவணையில் பெயர் சொன்ன சில ஆராய்ச்சி நிறுவனங்களும் சிறுபான்மையினர் நிறுவனங்களும் நீங்கலாக. சிறுபான்மையினர் உரிமையை நான் மறுக்கவில்லை. 1955இல் எங்கள் ஊரில் காதிர் முகைதீன் கல்லூரி வராவிட்டால் என் வயசுப் பையன்கள் பாதிப்பேர் உப்பளத்தோடு நின்றிருப்பார்கள். அது வேறு சகோதரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு. உயர் ஆராய்ச்சிக்கும் நமக்கும் ஆகாது என்று அட்டவணை போட்டு எழுதியிருக்கிறார்களே, அதுதான் எரிகிறது.

அடங்கினார்களா என்றால் இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் மானியக்குழு வரைவு வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. ஒதுக்கீட்டு இடங்களைப் பொது இடமாக்குவது பற்றி அதில் ஓர் அத்தியாயம். நேரடி நியமனத்தில் பொதுவாகத் தடை என்று முதலில் சொல்லிவிட்டு, அரிதான நேர்வுகளில் பொதுநலன் கருதி இடத்தைக் காலியாக விடமுடியாது என்றால் பல்கலைக்கழகம் முன்மொழிவு தயாரிக்கலாம் என்று வழி வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும், 2024 ஜனவரி 28 அன்று, எந்த ஒதுக்கீட்டு இடமும் பொதுவாக்கப்படாது என்று கல்வி அமைச்சகம் சொன்னது. அந்தப் 'பொதுநலன்' என்ற சொல்லைப் பாருங்கள். நாலு பேரை நேர்காணல் பண்ணி, எவரும் கண்டறியப்படவில்லை என்று எழுதி, அந்த இடத்தைக் காலியாகப் போட்டுவைத்து, காலியாகவே கிடக்கிறதே என்று பொதுநலனுக்காகக் கவலைப்படுவது. இரண்டு தாளையும் ஒரே கை எழுதலாம், ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. அத்தை கேட்ட 'அனைவரும்' மாதிரிதான் இந்தப் 'பொது'வும். நம் மாநில விளம்பரங்களில் ஜி.டி. என்று போடுவார்கள், ஜெனரல் டர்ன். அது எல்லோருக்குமான முறை, நாமும் போட்டியிடலாம். நம் பிள்ளைகளே அது மற்றவர்களுக்கு என்று நினைத்து மனுப் போடாமல் விடுகிறார்கள். மாணவத் தோழர்கள் இதைத் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சொல் 'கௌரவ விரிவுரையாளர்'. மாசக் கடைசியில் கைக்கு வருவதைப் பார்த்தால் அந்தக் கௌரவம் விளங்கும். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று மானியக்குழு 2019இல் எழுதியது. அந்தச் சுற்றறிக்கையை மட்டும் நிர்வாகங்களுக்குப் படிக்கத் தெரிவதில்லை. நமக்குத் தகுதி கண்டறியப்படாத அதே துறையில், அதே பாடத்தை, கௌரவமாக நடத்தக் கூப்பிடுவார்கள். எனக்கும் கூப்பிட்டார்கள். போனேன், வயிறு இருக்கிறதே.

நம் எழுத்தை எடுத்துக்கொள்கிறார்கள், எழுதுகிற ஆளை எடுப்பதில்லை என்று சொல்வோம். எழுத்தும் உறுதியில்லை. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கினார்கள், மகாசுவேதா தேவியின் கதையோடு சேர்த்து. மேற்பார்வைக் குழு என்று ஒன்று முடிவெடுத்தது, கல்விக்குழு உறுப்பினர்கள் 15 பேர் எதிர்ப்புத் தெரிவித்தும் நின்றுவிட்டது. 'நீக்கப்பட்டது' என்ற ஒரு வரியும் இலக்கிய விமர்சனம்தான். நாம் இருபது பக்கம் எழுதுகிற விமர்சனத்தை விட அதற்குப் பலம் அதிகம்.

2022லிருந்து ஏப்ரல் 14 தமிழ்நாட்டில் சமத்துவ நாள். ஊழியர்கள் எல்லோரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று பலகையில் ஒட்டுகிறார்கள். நல்லது. அம்பேத்கர் படத்துக்கு முன்னால் நின்று கைநீட்டி வாசிக்கிறார்கள். படத்தைத் துடைத்து வைத்தது அத்தை மாதிரி ஒருத்தி. உறுதிமொழி எடுக்கும் வரிசையில் அவள் நிற்கலாமா என்று சுற்றறிக்கையில் இல்லை. யாரும் தடுக்கவும் மாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள்.

தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சுழற்சிப் பதிவேடு என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நோட்டு உண்டு. எந்தப் புள்ளி யாருக்கு, அதில் யார் வந்தார், எந்தத் தேதியில் வந்தார் என்று இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. துறைவாரியாக, பதவிநிலைவாரியாகப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இத்தனை சதவீதம் நிரப்பியிருக்கிறோம் என்று தொகுத்துத் தருகிற பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நேர்காணல் நடந்தும் நிரப்பாத இடங்களுக்கு, தேர்வுக்குழுவில் யார் யார் இருந்தார்கள், அதில் தாழ்த்தப்பட்டோர் தரப்பு உறுப்பினர் இருந்தாரா, எத்தனை பேர் வந்தார்கள், என்ன காரணம் பதிவாகியிருக்கிறது என்று தனித்தனிக் கேள்வியாகப் போடுங்கள். காண்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளர் எத்தனை பேர், எத்தனை வருஷமாக, என்ன கூலிக்கு என்பதையும் அதே மனுவில் சேருங்கள். கேள்வியைச் செய்வினையில் எழுதுங்கள். நகல் கிடைத்தவர்கள் இதழுக்கு அனுப்பினால் ஊர்வாரியாகத் தொகுத்துப் போடலாம்.