ஒளிரும் யுரேனியக் கற்கள்

யுரேனியம் என்றால் நமக்கு அணுகுண்டு. கனிமம் சேகரிப்பவர்களுக்கோ அது நிறம். மூலத் தாதுவான பிட்ச்பிளெண்ட் கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். அது காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போதுதான் மஞ்சளும் பச்சையும் ஆரஞ்சும் பிறக்கின்றன.

பார்வைக்கு முதல் பரிசு ஆட்டுனைட்டுக்கு. பிரான்சின் ஓட்டன் நகரத்தின் பெயர் கொண்டது. பகலில் எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய சதுரத் தகடுகள். புற ஊதா விளக்கைக் காட்டினால் கண்ணைப் பறிக்கும் பச்சை. ஈரம் வற்றினால் உதிரத் தொடங்கிவிடும், அவ்வளவு நோஞ்சான்.

அதன் உறவுக்காரனான டார்பர்னைட்டில், ஆட்டுனைட்டில் உள்ள கால்சியத்தின் இடத்தில் செம்பு. மரகதப் பச்சைதான், ஆனால் செம்பு அந்த ஒளிர்வை அணைத்துவிடுகிறது. போகட்டும், அதன் பெருமை வேறு. 1898இல் மேரி கியூரி இதை அளந்தபோது, அதிலுள்ள யுரேனியத்தால் வரக்கூடியதைவிட அதிகக் கதிர்வீச்சு வந்தது. அதே சேர்மத்தை ஆய்வகத்தில் செய்து பார்த்தார். அதில் அந்த மிகை இல்லை. அப்படியானால் இயற்கைக் கல்லுக்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது! அந்தச் சந்தேகம் பொலோனியத்திலும் ரேடியத்திலும் போய் முடிந்தது. காங்கோவின் கட்டாங்கா பகுதியில் கிடைத்த மஞ்சள் கனிமம் ஒன்றுக்கு அவருடைய பிறந்த வீட்டுப் பெயரால் ஸ்க்ளோடோவ்ஸ்கைட் என்று பெயரிட்டார்கள்.

இந்தக் கற்களில் அஞ்ச வேண்டியது தூசிக்கும், கல் கசியவிடும் ரேடான் வாயுவுக்கும். படுக்கையறையில் வைக்கக் கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும். இந்தியாவில் யுரேனியம் சட்டக் கட்டுப்பாட்டில் வருகிறது. ஆகவே இணையத்தில் கண்டு ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இப்பால் நின்று ரசியுங்கள்.