தரிப்பிடமும் நமது இலக்கியமும்

'புகையிரத நிலையத்தில் ஒரு மணி நேரம்' என்பது தமிழாசிரியர் எவருக்கும் பழகிப்போன கட்டுரைத் தலைப்பு. சென்ற தவணையில் நாமும் அதனைக் கரும்பலகையில் எழுதினோம். வந்து சேர்ந்த விடைத்தாள்களிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தன. கதிரவன் மேற்றிசையில் மறைகிறான்; மக்கள் எறும்புக் கூட்டமென மொய்க்கின்றனர்; கரும்புகையைக் கக்கிக்கொண்டு வண்டி வந்து நிற்கிறது; ஒரு தாய் மகனைத் தழுவி அழுகிறாள்; பச்சைக் கொடி அசைகிறது; எழுதுபவன் தானும் ஏறிக்கொள்கிறான். நீராவி வண்டிகள் ஓய்ந்து அரை நூற்றாண்டு ஆகியும் எமது மாணவரின் கட்டுரைகளிற் கரும்புகை ஓயவில்லை.

இம்மாணவருட் பலர் நாள்தோறும் வந்திறங்குவது கொள்ளுப்பிட்டியில். அங்குள்ள புகையிரத நிலையம் கடலை ஒட்டியது. மேடையில் நிற்பவர் முகத்தில் உப்புக்காற்று அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைத்துளியும் தெறிக்கும். பாணந்துறை, மொறட்டுவைப் பக்கத்திலிருந்து காலையில் வரும் வண்டிகள் அலுவலகத்தாரை அங்கே இறக்கிவிட்டுக் கோட்டைக்கும் மருதானைக்கும் போகின்றன. ஏறிவந்தால் காலி வீதி. பாணந்துறையையும் மொறட்டுவையையும் புறக்கோட்டையோடு இணைக்கும் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களின் நடத்துநர் படியில் தொங்கியவாறு ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவிப்பதை அங்கே கேட்கலாம். வந்து போவோர் இவர்கள். போகாமல் அங்கேயே நிற்போரும் உளர். லொத்தர்ச் சீட்டு விற்பவர், செருப்புத் தைப்பவர், முச்சக்கர வண்டிக்காரர், மேடையைக் கூட்டும் பெண், கச்சான் விற்பவர் ஆகியோர் காலைமுதல் இரவுவரை அங்கே இருக்கின்றனர். கச்சான் சுருள் பெரும்பாலும் பழைய அப்பியாசக் கொப்பித் தாளிற் செய்யப்படுவது. ஆசிரியர் திருத்திய கட்டுரைகளுக்கு ஊரிற் கிடைக்கும் உண்மையான வாசகர் வட்டம் அதுதான் என்று நாம் சிலவேளை நினைத்துக்கொள்வதுண்டு.

மாணவரின் கட்டுரைகளில் இம்மனிதர் ஒருவரும் இல்லை. நாள்தோறும் கண்ணாற் கண்டதை விட்டு, ஒருபோதும் காணாத கரும்புகையை எழுதும் பழக்கத்தை அவர்கள் தாமாகக் கற்றுக்கொள்ளவில்லை. நமது இலக்கியத்திலிருந்தும், அதனைக் கற்பிக்கும் எம்மிடமிருந்துமே கற்றனர்.

ஈழத்துத் தமிழ்ப் புனைகதை நிலையங்களை நிறையவே எழுதியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பயணியின் கண்கொண்டே எழுதியிருக்கிறது. இதற்குச் சமுதாயக் காரணம் உண்டு. 1905இல் யாழ்ப்பாணம் புகையிரதப் பாதையாற் கொழும்போடு முழுமையாக இணைக்கப்பட்டது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழி குடாநாட்டின் பொருளாதாரக் கொள்கையாகவே இருந்த காலம் அது. மகன் கொழும்பிலே எழுதுவினைஞன்; மனைவியும் மக்களும் ஊரிலே; மாதமுடிவிலே மணியோடர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இக்குடும்பங்களின் நாட்காட்டியாயிற்று. எழுதுகோல் பிடித்தவருட் பெருந்தொகையினர் இவ்வர்க்கத்தினர். அவர்களுக்குக் கோட்டை நிலையம் ஊருக்குப் போகும் வாசல். அங்கே சுமை தூக்குபவனை அவர்கள் கண்டது, தம் பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டபோதும், கூலி பேசியபோதும் மட்டுமே. கதையிலும் அவன் அவ்வளவு நேரமே வருகிறான். பெட்டியை வைத்துவிட்டு வாக்கியத்தைவிட்டு இறங்கிப் போய்விடுகிறான்.

முற்போக்கு அணியினர் இதனை மாற்றவில்லையா என்று வாசகர் கேட்கலாம். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியபின், அதுவரை கதைக்குள் நுழைய முடியாதிருந்தோர் கதாநாயகராயினர். 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்', நீர்வை பொன்னையனின் 'மேடும் பள்ளமும்', என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்', கே. டானியலின் எழுத்துக்கள் ஆகியன இல்லாவிடின் இன்று நாம் இக்கேள்வியைக் கேட்கும் தகுதியையே பெற்றிருக்கமாட்டோம். ஆயினும் இவற்றின் பெருங்களம் யாழ்ப்பாணத்துக் கிராமமும், அதன் சாதிக் கொடுமையும். கொழும்பைக் களமாக்கிய செ. கணேசலிங்கனின் 'செவ்வானம்' போன்றவை உளவெனினும், தலைநகரத்துத் தமிழ்த் தொழிலாளி நமது கதைகளில் இன்னும் முழுதாகக் குடியேறவில்லை. கிராமத்தில் அடித்தட்டு மனிதனை அவ்வளவு கூர்மையாகக் கண்ட அதே கண், கோட்டையில் இறங்கியதும் பயணியின் கண்ணாகிவிட்டது.

பிரிவுத்துயர் என்பதனை நாம் இழிவாகப் பேசுவதாக எவரும் கொள்ள வேண்டாம். எவருடைய பிரிவு என்பதே கேள்வி. எழுதுவினைஞர் மேடையில் விட்ட கண்ணீர் அடுத்த மாதச் சம்பளத்தோடு திரும்பி வந்தது. மலையகத்தில் நிலைமை வேறு. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அம்மக்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. மூன்று தலைமுறைகளாகத் தேயிலையை வளர்த்தவர்கள் தகரப் பெட்டிகளோடு தலைமன்னாருக்கு ஏறிய வண்டியை மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்றனர். வண்டிக்கு அவர்கள் இட்ட அப்பெயரில் ஒரு வரலாறே அடங்கிக் கிடக்கிறது. அவ்வழுகை இரு அரசுகளின் பேனா முனையில் பிறந்தது. ஊர் நினைவால் வந்த மெல்லிய சோகத்தோடு அதனை ஒருசேர வைத்துப் 'பிரிவுக் கதைகள்' என்று வகைப்படுத்துவது திறனாய்வன்று.

நமது எழுத்தாளர் நிலையத்தைத் துயரத்தின் இடமாகவே கண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1958 மே மாதம் பொலன்னறுவை நிலையத்தில் வண்டியைத் தாக்கித் தமிழரைத் தேடினர். 1977இல் அநுராதபுர நிலையம் அச்சத்தின் பெயராயிற்று. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் வாகனங்களை மறித்து, பயணியின் நாவிலிருந்து எந்த மொழி வருகிறதென்று பார்த்து உயிரைத் தீர்மானித்தனர். 1990இல் நின்றுபோன வடக்கு வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைய 2014 அக்டோபர்வரை செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய வரலாற்றுக்கு உட்பட்ட மக்கள் நிலையத்தை ஓடித் தப்பும் வாசலாக எழுதியது இயல்பே.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கமும் நிலையங்களிலேயே நிகழ்ந்தது. 1987 ஏப்ரல் 21ஆந் திகதி புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு, வேலை முடிந்து வீடு திரும்ப நின்ற 100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1996 ஜூலை 24ஆந் திகதி, கொள்ளுப்பிட்டியைத் தொட்டுச் செல்லும் இக்கடற்கரைப் பாதையிலேயே தெஹிவளையில் மாலை வண்டியில் குண்டு வெடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவர்கள் அமைச்சருமல்லர், தளபதிகளுமல்லர்; பருவச்சீட்டு வைத்திருந்த மனிதர். அந்நிலையத்தில் நின்றவருக்காகத் தமிழிலே அழுத ஒரு நல்ல கதையை வகுப்பிற் படித்துக்காட்ட விரும்பித் தேடினோம். கைக்கு அகப்படவில்லை. எம் துயரம் எமக்கே போதும் என்று சொல்பவரிடம் நாம் வாதாடவில்லை. ஆனால் முற்போக்கு என்ற சொல்லைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் அவ்வாறு சொல்லக் கூடாது.

நிலையம் என்பது யாது என்று நமக்குக் காட்டிய படைப்பாக நாம் கருதுவது ஒரு கதையன்று, எம். ஏ. நுஃமான் 1977இல் எழுதிய 'நேற்றைய மாலையும் இன்றைய காலையும்' என்ற கவிதை. கல்முனையிற் பிறந்த கவிஞர் யாழ்ப்பாண நகரத்தைப் பாடுகிறார். முதற்பகுதியில் எதுவுமே நடப்பதில்லை என்று சொல்லலாம். நண்பர்கள் மாலையில் நகருக்கு வருகின்றனர். புத்தகக் கடை முன்றலில் நிற்கின்றனர். பஸ் நிலையத்தில் மக்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மறுநாட் காலையில் துப்பாக்கி வந்துவிட்டது, நிலையம் வெறுமையாகிறது. தனியொருவனுடைய மரணத்தைப் பெருக்கிக் காட்டாமல், முந்திய மாலையின் சாதாரணத்தையே இழப்பாக்கியது இக்கவிதையின் வெற்றி. நெரிசலான ஒரு பஸ் நிலையமே அம்மக்களின் சமாதானம் என்பதை முதற்பகுதி உரத்துச் சொல்லாமற் சொல்லி வைத்திருப்பதால், இரண்டாம் பகுதி நம்மை உலுக்குகிறது. ஆசிரியர் இதனை வெறும் எதிர்ப்புக் கவிதையாகக் கற்பித்து முதற்பாதியை அவசரமாகக் கடந்துவிடுகின்றனர். அம்முதற்பாதியிலேதான் கவிதையின் உயிர் இருக்கிறது.

தமிழகத்தில் இதனை வேறொரு வழியிற் செய்தவர் புதுமைப்பித்தன். 1943இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சென்னையில் ஒரு தெருச் சந்தியில் தொடங்குகிறது. டிராமா, பஸ்ஸா, நடையா, மிஞ்சும் காசுக்குக் காப்பியா, வெற்றிலையா என்று ஒருவர் கணக்குப் போட்டு நிற்கும் வேளையில் கடவுள் வந்து வழி கேட்கிறார். சில்லறைக் கணக்கை முடிக்காத மனிதனுக்குக் கடவுளும் காத்திருக்க வேண்டியவரே. பிள்ளையவர்களும் பயணியே, ஆனால் பையிலுள்ள காசு அவரைத் தரிப்பிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' புகையிரதப் பெட்டிக்குள் நிகழ்வது. கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்குக் கொண்டுசெல்லப்படும் சிறுமிக்குத் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடும் சிறுவனைப் படித்து நெஞ்சு நெகிழாதவர் இலர். நாமும் நெகிழ்ந்தோம். எனினும் அடுத்த முறை படிக்கையில், வண்டி நின்று சிறுவன் இறங்கியபின் அச்சிறுமி எந்த நிலையத்தில் எவரோடு காத்திருந்தாள் என்ற நினைவு எம்மை விடவில்லை. கதை சிறுவனோடு இறங்கிவிடுகிறது. கருணையிற் குறைவில்லை, பார்வை நின்ற இடம் அது.

தோல்ஸ்தோயின் 'அன்னா கரீனினா'வை இங்கு நினைக்காமலிருக்க முடியாது. அன்னாவும் விரோன்ஸ்கியும் முதன்முதலாகச் சந்திக்கும் மொஸ்கோ நிலையத்திலேயே ஒரு காவலாளி வண்டியின் கீழ் நசுங்கி இறக்கிறான். விரோன்ஸ்கி அவனுடைய விதவைக்கு 200 ரூபிள் கொடுக்கிறான். மேட்டுக்குடிக் காதலின் தொடக்கத்திலேயே ஒரு தொழிலாளியின் பிணத்தை ஆசிரியர் வைத்துவிட்டார்; நாவலின் நெடும்பரப்பு முழுவதிலும் அதனை அன்னாவால் தாண்ட முடியவில்லை. கதைக்குக் காதலர் தேவை. நிலையத்துக்குக் காவலாளி தேவை என்ற எளிய உண்மையை அந்தப் பிரபு அறிந்திருந்தார். நமது எழுதுவினைஞர் கதைகளில் எவரும் நசுங்குவதில்லை. பாதைகள் தாமே ஓடுகின்றன.

உண்மையில் இந்நாட்டுத் தண்டவாளங்கள் ஒருபோதும் தாமே ஓடியதில்லை. அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசுக்கு எதிராக 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் நிகழ்ந்தபோது, இக்கடற்கரைப் பாதையிலே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, வண்டிகள் நின்றன, அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற கப்பலிற் கூடியது. 1980 ஜூலையில் புகையிரதத் தொழிலாளர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் முடிவில் ஏறத்தாழ 40,000 அரசாங்க ஊழியர் வேலை இழந்தனர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடிதத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அரிய நாட்களுள் அது ஒன்று. நமது புனைகதையில் அந்தக் கடிதத்தைப் பெற்ற குடும்பங்கள் எத்தனை? யாழ்தேவியில் இடம் பிடிக்க நேர்ந்த சிரமத்துக்கு நாம் செலவிட்ட பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வாசகர் வேலை.

இனி எமது பங்கைச் சொல்லவேண்டும். அவ்விடைத்தாள்களில் ஒன்று மட்டும் அச்சிலிருந்து விலகியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவன் எழுதியது. அவனுடைய தகப்பனார் கோட்டை நிலையத்துக்கும் புறக்கோட்டைக் கடைகளுக்குமிடையே சுமை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளி. மாணவன் நிலையத்தை அவருடைய தோளிலிருந்து பார்த்திருந்தான். பனையோலைப் பெட்டி வந்தால் வடக்கத்துப் பயணி. சாக்கில் கட்டிய மூட்டை வந்தால் தோட்டத்தார். இருவரிலும் கூலிக்குப் பேரம் பேசாதவர் எவர் என்று தகப்பனாருக்குத் தெரியும். ஆளைக் கூப்பிடுவது சிங்களத்தில், கூலியை எண்ணுவது தமிழில். பெரியவர் எவரேனும் வரும் நாளில் சுமைகாரரை முன்வாசலிலிருந்து விரட்டிவிடுவர், அன்று உழைப்பில்லை. முப்பது ஆண்டுகளாக நிலையத்தில் நிற்கும் அவர், ஊருக்கென்று வண்டி ஏறியது இரண்டே முறை. இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்தில்.

நாம் என்ன செய்தோம்? 'கோச்சி' என்ற சொல்லை ஏழு இடங்களிற் சிவப்பு மையால் வெட்டிப் 'புகையிரதம்' என்று எழுதினோம். 'பொடியன்', 'சாமான்' ஆகியவற்றின் கீழே கோடிட்டுப் 'பேச்சு வழக்கு' என்று ஓரத்திற் குறித்தோம். 'ஒரு மணி நேரம்' என்ற வரையறை பின்பற்றப்படவில்லை, ஆகவே தலைப்பிலிருந்து விலகியது எனக் குறிப்பெழுதி 25க்கு 9 இட்டோம். 1960களின் முற்பகுதியில், உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதியவரைப் பார்த்து 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் எள்ளியபோது, நமது முன்னோடிகள் அதற்கெதிராகப் பத்திரிகைகளிற் போராடி வென்றனர். மரபுப் போராட்டம் என்று அதனைப் பல்கலைக்கழகத்தில் நாம் பாடமாகவே படித்திருக்கிறோம். பரீட்சையிலும் எழுதி நல்ல புள்ளி பெற்றோம். கரும்புகை கக்கிய கட்டுரை ஒன்றுக்கு அதே கட்டில் நாம் இட்ட புள்ளி 18.

விடைத்தாள்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டன. பதிவேட்டில் அந்த 9 இன்னும் இருக்கிறது. மாணவனிடம் தாளைத் திரும்பக் கேட்டோம்; அது எங்கோ போய்விட்டது என்றான். வருகிற திங்கட்கிழமை பதினோராம் வகுப்புக்குக் கட்டுரைப் பாடம்.