ஒரே தூசி, இரண்டு புத்தகங்கள்

நாட்டைச் சரிசெய்ய யோசனை சொல்லும் புத்தகம் எது வந்தாலும் வாங்கிவிடுவேன். தேர்தல் முறையை மாற்று, நாடாளுமன்றத்தை மாற்று, மருத்துவத்தை மாற்று. எல்லாமே பிடிக்கும். சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது இயல்பு. பழைய கோடைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் 'இதைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுதிடலாம்' என்று யாராவது சொல்வது எங்கள் தொழிலின் பொது வியாதி. இந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை அதே வியாதியோடு எழுதப்பட்டவை. பெட்டிகளும் அம்புக்குறிகளும் கச்சிதமாக இருக்கும். இன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏன் எழுந்து வழிவிட வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அரைப் பக்கம்கூட இருக்காது.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்கிற ஒரு புத்தகம் 1952இல் வந்தது. அனைரின் பெவன் எழுதிய 'இன் பிளேஸ் ஆஃப் ஃபியர்'. பயம் இருந்த இடத்தில் வேறொன்றை வைப்பது என்று தலைப்பைப் புரிந்துகொள்ளலாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையை, அதாவது என்.எச்.எஸ்-ஐ, உருவாக்கிய அமைச்சர் அவர். ஆனால் இதைத் தனியாகப் படிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்குப் பதினைந்து வருடம் முன்பு, 1937இல் வந்த ஏ.ஜே. க்ரோனினின் 'தி சிட்டடெல்' நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஊர். இரண்டும் ஒரே கேள்விக்கு வேறுவேறு பதில் சொல்கின்றன. இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. ஒன்றின் ஓட்டை மற்றதைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

ஊரின் பெயர் ட்ரெடீகர். தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. அங்கே தொழிலாளர்கள் தாங்களே நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. சம்பளத்தில் ஒரு சிறு பங்கைச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். சங்கம் அந்தப் பணத்தில் டாக்டர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும். நோயாளி டாக்டர் கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் மனைவி பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு. இது சின்ன விஷயமில்லை. 1911இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் வேலைக்குப் போகிறவரை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. வீட்டிலிருக்கும் மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் ஃபீஸ் கையிலிருந்துதான் போகும். அதனால் அவள் டாக்டரிடம் போகவே மாட்டாள்.

1920களின் தொடக்கத்தில் அந்தச் சங்கத்தில் வேலை பார்த்த டாக்டர் க்ரோனின். அதே ஊரில் 1897இல் பிறந்து, 13 வயதில் சுரங்கத்துக்குள் போய், பிற்பாடு அந்தச் சங்கத்தின் மருத்துவமனைக் குழுவில் உட்கார்ந்தவர் பெவன். ஒருவர் டாக்டரின் நாற்காலியிலிருந்து பார்த்தார். இன்னொருவர் டாக்டருக்குச் சம்பளம் போடுகிற பக்கத்திலிருந்து பார்த்தார்.

நாவலின் நாயகன் ஆண்ட்ரூ மேன்சன், படிப்பை முடித்துவிட்டு வேல்ஸுக்கு வரும் ஸ்காட்லாந்து டாக்டர். ஊரில் டைஃபாய்டு பரவுகிறது. காரணம் ஒழுகும் சாக்கடை. புகார் சொல்லியும் நிர்வாகம் அசையவில்லை. மேன்சனும் நண்பன் டென்னியும் ஒரு ராத்திரி அந்தச் சாக்கடையை வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறார்கள். தியேட்டராக இருந்தால் விசில் பறக்கும். அடுத்து அவனுக்குச் சங்கத்தில் வேலை. சுரங்கத் தூசி தொழிலாளிகளின் நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய்கிறான். சங்கக் கமிட்டிக்கு அது புரிவதில்லை. ஆராய்ச்சிக்கு வைத்திருந்த கினிப்பன்றிகளைக் காட்டி அவன்மேல் குற்றம் சாட்டுகிறார்கள். வேலைக்குப் போகாமலிருக்கப் பொய் சர்ட்டிபிகேட் கேட்டவர்களுக்கு அவன் தர மறுத்ததால் ஏற்கெனவே விரோதிகள் உண்டு. வேலையை உதறிவிட்டுக் கடைசியில் லண்டனுக்குப் போகிறான். அங்கே பணக்கார நோயாளிகள், தேவையில்லாத ஊசிகள், ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிப் பிழைக்கும் ஸ்பெஷலிஸ்டுகள். அவனும் அதில் கரைந்துபோகிறான். ஒரு திறமையில்லாத சர்ஜனின் கையில் ஒரு சாதாரண நோயாளி செத்துப்போகும்போதுதான் கண் திறக்கிறது.

எங்கேயோ பார்த்த கதையாக இருக்கே என்று தோன்றலாம். 1971இல் விஜய் ஆனந்த் இயக்கிய 'தேரே மேரே சப்னே' என்ற இந்திப் படம் இந்த நாவலிலிருந்துதான் எடுக்கப்பட்டது. நல்ல டாக்டர், பேராசை டாக்டர் என்று பிரித்துக் கதை சொல்வது நமக்கும் ரொம்பப் பழக்கம்.

நாவலின் பலமும் அங்கேதான், பலவீனமும் அங்கேதான். லண்டன் பகுதியில் க்ரோனின் ஒன்றைத் துல்லியமாகக் காட்டுகிறார். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக ஃபீஸ் வாங்கிப் பிழைக்க வேண்டிய டாக்டருக்கு நோயாளியின் பயம்தான் வருமானம். பேராசை அங்கே வெறும் குணக்கேடு இல்லை. சம்பள முறையே அப்படி. அவ்வளவு தூரம் பார்த்தவர் முடிவில் என்ன செய்கிறார்? மூன்று நல்ல டாக்டர்கள் சேர்ந்து ஒரு சிறிய ஊரில் கூட்டாக மருத்துவம் பார்க்கத் திட்டமிடுகிறார்கள். அவ்வளவுதான். நல்லவர்கள் ஒன்றுசேர்ந்தால் சரியாகிவிடும். அந்த மூவரும் போகாத ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நாவல் கேட்பதில்லை.

பெவன் அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார். அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து 1925இல் மகனின் கைகளில் இறந்தார். அந்த நோய் அப்போது தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை. அதனால் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடையாது. மேன்சன் ஆராய்ந்ததும் இதே தூசியைத்தான். கதையில் அந்த ஆராய்ச்சி அவனுக்கு எம்.டி. பட்டம் வாங்கித் தருகிறது. பெவனுக்குக் கிடைத்தது வேறு ஒரு கேள்வி: அந்தப் பட்டியலை எழுதுகிறவர் யார்? நாடாளுமன்றம். அந்த நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் யார்?

அதனால்தான் ஒரு சுகாதார அமைச்சரின் புத்தகம் மருத்துவத்தில் தொடங்காமல், அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடும் ஒரு சுரங்க இளைஞனிடம் தொடங்குகிறது. அவன் ஜெயித்து எம்.பி.யாக உள்ளே நுழையும்போது, நாடாளுமன்றம் அவனுக்குத் தேவாலயம் போலத் தெரிகிறது. அங்கே நடப்பது முன்னோர் வழிபாடு. ஆனால் அவர்கள் அவனுடைய முன்னோர்கள் இல்லை. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வறுமை, சொத்து, ஜனநாயகம் மூன்றும் நிம்மதியாகச் சேர்ந்திருக்க முடியாது என்பது பெவனின் வாதம். ஒன்று, ஏழைகள் வாக்கைப் பயன்படுத்திச் சொத்தின் அதிகாரத்தை வெல்வார்கள். இல்லையென்றால், சொத்துள்ளவர்கள் ஏழைகளுக்குப் பயந்து ஜனநாயகத்தையே ஒழிப்பார்கள். தலைப்பிலிருக்கும் பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது எங்கள் ஆபீஸ் கேன்டீன் ஞாபகம் வரும். ஒவ்வொரு தேர்தல் சமயத்திலும் அங்கே ஒரு யோசனை பிறக்கும். 'படிச்சவங்களுக்கு மட்டும் ஓட்டு குடுக்கணும் பாஸ்', இல்லாவிட்டால் 'டாக்ஸ் கட்டுறவனுக்கு ரெண்டு ஓட்டு'. என்னமோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி. பிரிட்டன் அதைச் செய்து பார்த்துவிட்டது. 1928இல் ஆண், பெண் இருபாலருக்கும் சமமான வாக்குரிமை வந்த பிறகும், பட்டதாரிக்கு ஊரில் ஒரு ஓட்டு, பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொரு ஓட்டு. தொழில் நடத்த இடம் வைத்திருந்தவர்களுக்கும் அந்த இடத்தின் பேரில் இரண்டாவது ஓட்டு கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்தான் இரண்டையும் ஒழித்தது. (நம்மிடமும் இதன் வாசனை உண்டு. தமிழ்நாட்டில் 1986இல் கலைக்கப்பட்ட சட்ட மேலவையில் பட்டதாரிகளுக்கென்று தனி இடங்கள் இருந்தன.)

தேதிகளைக் கவனியுங்கள். என்.எச்.எஸ். தொடங்கியது 1948 ஜூலை 5. அந்த வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது அதே ஜூலை மாதக் கடைசியில். 1949இல், பிரபுக்கள் சபை ஒரு மசோதாவைத் தாமதப்படுத்தும் காலம் இரண்டு வருடத்திலிருந்து ஒரு வருடமாகக் குறைக்கப்பட்டது. மருத்துவம், வாக்கு, அரசாங்க அமைப்பு என்று மூன்று மாற்றங்கள், ஒன்றரை வருடத்துக்குள், ஒரே அரசாங்கத்தின் கையால். ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: யாருடைய 'வேண்டாம்' இதுவரை அதிக எடையோடு இருந்தது? மருத்துவச் சீர்திருத்தத்தை மட்டும் தனியாக உருவி எடுத்து 'பெஸ்ட் மாடல் எது' என்று பேசுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மருத்துவம் பற்றிய அத்தியாயத்தில் பெவன் பொறியாளர்களுக்குப் பிடிக்கிற மாதிரி யோசிக்கிறார். காப்பீடு ஏன் கூடாது? சந்தா பாக்கி இருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு இரண்டாம்தர ஆபரேஷன் செய்ய முடியுமா? ஆகவே செலவு பொது வரியிலிருந்து வரட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் ஏன் இலவசம் என்று அப்போதே கேட்டார்கள். அவர்களைப் பிரித்தறிய வேண்டுமென்றால், உள்ளூர்க்காரர் ஒவ்வொருவரும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பது அவர் பதில். நுழைவாயிலில் ஒரு சோதனையை வைத்தால் அதன் சுமை வெளியாள்மேல் மட்டும் விழாது, எல்லோர்மேலும் விழும். வலியோடு வருகிறவரிடம் 'கார்டு கொண்டுவந்தீங்களா' என்பது முதல் கேள்வியாக இருக்கிற ஊரில் வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஓட்டைகள். 1948இன் தொடக்கத்தில் மருத்துவச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது டாக்டர்கள் இந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள். பெவன் பெரிய ஸ்பெஷலிஸ்டுகளைத் தனியாகப் பிரித்துப் பேரம் பேசினார். அரசு மருத்துவமனைக்குள்ளேயே காசு கொடுக்கும் நோயாளிகளுக்குப் படுக்கைகள் வைத்துக்கொள்ளலாம், சொந்த பிராக்டிஸும் தொடரலாம். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று அவரே பின்னால் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தக் காசுப் படுக்கைகள் ஒரு குறைதான் என்பதைப் புத்தகம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பேரத்தின் முழு விலையைச் சொல்வதில்லை. சீர்திருத்தத்துக்கு யார் வழிவிட வேண்டும் என்று கேட்டவர், வழிவிட எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கையும் காட்டியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 1945இல் அமைச்சரவைக்குள்ளேயே ஒரு சண்டை. மருத்துவமனைகளை, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களிடம் விட வேண்டும் என்றார் ஹெர்பர்ட் மாரிசன். பெவன் எல்லாவற்றையும் தேசியமாக்கினார். அவர் காரணம் நேர்மையானது: பணக்கார ஊருக்கு நல்ல ஆஸ்பத்திரியும் ஏழை ஊருக்கு மோசமான ஆஸ்பத்திரியும் என்று ஆகிவிடக் கூடாது. ஆனால் விளைவு? மண்டல மருத்துவமனை வாரியங்களுக்கு ஆட்களை நியமித்தவர் அமைச்சர். வாக்கின் வலிமையைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதியவர் கட்டிய அமைப்பில், ஆஸ்பத்திரியை நடத்துவதில் நோயாளிக்கு ஓட்டு இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்குப் போடுகிற ஓட்டு ஒன்றுதான்.

இங்கேதான் க்ரோனின் தேவைப்படுகிறார். அவர் காட்டும் கமிட்டி சகிக்க முடியாதது. அறிவியல் தெரியாதவர்கள், சொந்தப் பகை தீர்ப்பவர்கள், சர்ட்டிபிகேட்டுக்கு அலைபவர்கள். க்ரோனின் அவர்களை மேலிருந்து பார்த்துச் சிரிக்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பக்கங்களில் சுரங்கத் தொழிலாளிகள் மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் எதிரே நின்று பதில் சொல்கிறார். பெவனின் புத்தகத்தில் தொழிலாளி நோயாளியாக வருகிறார், வாக்காளராக வருகிறார். மருத்துவத்தை நடத்துகிறவராக மட்டும் வருவதில்லை. அந்த மேஜையில் தானே உட்கார்ந்திருந்த மனிதர், அதை நாடு முழுக்கக் கொண்டுபோனபோது நாற்காலிகளை விட்டுவிட்டார். கமிட்டியை வெறுத்த நாவலாசிரியரின் பக்கங்களில் அது பத்திரமாக இருக்கிறது. கமிட்டியில் வளர்ந்தவரின் பக்கங்களில் இல்லை.

அதன் விலையைப் பெவனே சீக்கிரம் பார்த்தார். 1951 ஏப்ரலில் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், ஆயுதச் செலவுக்கு நடுவே பணம் மிச்சம்பிடிக்க, பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தார். மேலே எடுத்த ஒரு முடிவு போதும், கீழே எல்லோரும் காசு கொடுக்க வேண்டும். பெவன் ராஜினாமா செய்தார். அந்த அக்டோபரில் வந்த தேர்தலில் அவருடைய தொழிற்கட்சி, கன்சர்வேடிவ்களைவிட அதிக வாக்குகள் வாங்கியும் குறைவான இடங்களே பெற்றுத் தோற்றது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பது வந்துவிட்டது. ஓட்டுகளை இடங்களாக மாற்றும் முறை அப்படியே இருந்தது. அடுத்த வருடம் மருந்துச்சீட்டுக்கும் கட்டணம் வந்தது. புத்தகமும் அதே வருடம்தான் வந்தது. ஆனால் அதில் இந்தத் தோல்விகளின் கசப்பு குறைவு, நம்பிக்கை அதிகம். மேடைப் பேச்சாளரின் நடை. சில இடங்களில் ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார், எடிட்டர் கை வைத்திருக்கலாம்.

இருந்தாலும் சீர்திருத்தம் பேசும் புத்தகங்களில் நான் திரும்பத் திரும்ப எடுப்பது இதைத்தான். அடுத்த முறை யாராவது சுகாதாரத்துக்கோ தேர்தலுக்கோ புதுத் திட்டம் நீட்டினால், படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த மேஜையைத் தேடுங்கள். அதைச் சுற்றி எத்தனை நாற்காலி, யாருக்கு, யார் நியமிக்கிறார்கள்? பெவனைப் படித்து முடித்த கையோடு 'சிட்டடெல்' நாவலில் மேன்சன் கமிட்டி முன்னால் நிற்கும் அத்தியாயத்துக்குப் போங்கள். கோபம் வரும். அந்த மேஜையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் யோசிக்கத் தோன்றும்.