மூடுபனியில் ஒரு சூரியன்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது புதுச்சத்திரம். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள சமவெளி ஊர். இத்தகைய ஊர்களிலும் கிறிஸ்தவ இல்லங்களின் சுவர்களில் கடலும் உதயசூரியனும் தொங்குவதைக் காணலாம். ஆண்டின் வாக்குத்தத்த வசனம் பொறித்த நாட்காட்டிப் படங்களே அவை. பொன்மயமான வானம், மாசற்ற அலைகள், கண்ணைப் பறிக்கும் ஒளி. மனிதர் மட்டும் இல்லை. இவை நமக்குப் போதிக்கும் நம்பிக்கை எத்தகையது? இவ்வினாவோடு, இதே பொருளில் எழுந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை அணுகுவோம்.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1872ஆம் ஆண்டு லெ ஆவ்ர் துறைமுகத்தைத் தீட்டினார். 'மனப்பதிவு, சூரிய உதயம்' என்னும் அவ்வோவியம் 1874இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டது. திறனாய்வாளர் லூயி லெருவா அதன் தலைப்பை எள்ளி நகையாடினார். அந்த ஏளனச் சொல்லே பின்னர் ஒரு கலை இயக்கத்தின் பெயராயிற்று.

படத்தை நிறைப்பது சாம்பல் கலந்த நீல மூடுபனி. அதனுள் கப்பல்களின் பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் மங்கித் தெரிகின்றன. முன்னே சிறு படகுகள். மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு வட்டம். நீரில் அதன் சாயல் சில தூரிகைத் தீற்றல்களாகச் சிதறுகிறது.

இச்சூரியனின் ஒளியளவு, சூழ்ந்துள்ள மேகத்தின் ஒளியளவிற்கு ஏறத்தாழச் சமம் என்று நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் சுட்டிக்காட்டியுள்ளார். கறுப்பு வெள்ளை நகலில் அது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. மோனே வெளிச்சத்தைக் கூட்டவில்லை; நீலத்திற்கு எதிரான நிறத்தை வைத்தார், அவ்வளவே. சூரியன் பனியை விரட்டவில்லை; பனிக்குள்ளேயே வேறொன்றாக நிற்கிறது. திபேரியாக் கடற்கரையில் விடியற்காலத்தில் நின்றவரைச் சீஷர்கள் உடனே அறிந்துகொள்ளவில்லை என யோவான் 21ஆம் அதிகாரம் கூறுவதை இங்கு நினைவுகூரலாம்.

ஓவியத்தில் குறையும் உண்டு. துடுப்பு வலிப்பவர் கறுத்த தீற்றலாகவே நிற்கிறார். அவர் முகம் நமக்குக் கிட்டுவதில்லை. உழைப்பாளியின் விடியலைக் காட்டும் படம், அவரைக் காட்சியின் ஓர் அலங்காரமாக்கிவிடும் ஆபத்திலிருந்து முற்றும் தப்பவில்லை. எனினும், அவரையும் புகைபோக்கிகளையும் அது நீக்கிவிடவில்லை. நமது நாட்காட்டிகள் நீக்கிவிட்டன.

மழை பொய்த்த ஆண்டிலும் துக்க வீட்டிலும் பேச வேண்டிய போதகருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இருளே இல்லாத விடியலைக் காட்டுவது ஆறுதலாகாது. கேட்போர் வாழும் பனிமூட்டத்தை உள்ளபடி தீட்டி, அதனுள் ஒரு நிறத்தைச் சரியான இடத்தில் வைப்பதே நேர்மையான பிரசங்கமாகும்.