கூரம்: 'முதல் கற்றளி' என்ற பட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால்

கூரம் என்று தேடினால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் வரியில் ஒரு பட்டம் வந்து நிற்கிறது: தமிழகத்தின் முதல் கற்றளி. அதாவது, பாறையைக் குடையாமல் தனித்தனிக் கற்களை அடுக்கிக் கட்டிய முதல் கோயில். வீடியோ போடுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், பயணக் கட்டுரைகளும் இதைத்தான் சொல்கின்றன. சொல்லிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். பட்டம் முழுக்கத் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கோயிலைப் பார்க்க விடாமல் அது நடுவில் நிற்கிறது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அடிப்படைத் தகவல். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் கூரம். இங்குள்ள பழைய சிவன் கோயில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. செப்பேட்டில் இதன் பெயர் 'வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம்'. பரமேசுவரன் சாமி பேரும்தான், ராசா பேரும்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே வீடு.

இப்போது 'முதல்' விஷயம். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக் கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதை உண்டாக்கியதாகப் பெருமை பேசுகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அந்தப் பொருள்களால் கோயில் கட்டுவதுதான் அன்றைக்கு வழக்கம். 2005இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் கட்டுமானம் அதற்கு நல்ல சாட்சி. ஆக, கூரம் முதல் கோயில் இல்லை. முதல் கல் கோயிலும் இல்லை, குகைகள் அதற்கு முந்தியவை. கல்லால் 'கட்டிய' முதல் கோயில் என்றால், தென்னிந்தியாவுக்கே அப்படிச் சொல்ல முடியாது. ஐஹொளெயில் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி காலத்தில் ரவிகீர்த்தி எடுத்த மேகுடி சமணக் கோயில் 634ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கல் கட்டடம்தான். கடைசியில் மிஞ்சுவது இவ்வளவு: தமிழ்நாட்டில் இன்றைக்கு எஞ்சியிருக்கிற கற்றளிகளில் மிகப் பழையது. இத்தனை நிபந்தனை போட்ட பிறகு கிடைக்கிற ஒரு பட்டத்துக்கு இவ்வளவு சத்தம் வேண்டுமா?

பட்டத்தை விட்டுவிட்டு கட்டடத்தைப் பார்ப்போம். கருவறையின் பின்சுவர் அரைவட்டமாக வளைகிறது. தமிழில் இதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர், சிற்ப நூல்களில் கஜபிருஷ்டம். படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் மாதிரி. மாமல்லபுரத்துச் சகாதேவ ரதம் இதே வடிவம்தான், பக்கத்திலேயே ஒரு கல் யானை நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கார்லாவின் பௌத்தக் குடைவரையிலும், நாகார்ஜுனகொண்டாவின் செங்கல் கட்டடங்களிலும் இதே வளைவு உண்டு. ரோமானியப் பொதுக் கட்டடங்களில் தொடங்கி ஐரோப்பியத் தேவாலயங்கள் வரை பீடத்துக்குப் பின்னால் வரும் அரைவட்டச் சுவரும் இந்த வகைதான். பார்ப்பவரின் கண்ணை ஒரு புள்ளிக்குக் கொண்டுபோய் நிறுத்த வளைந்த சுவர் நல்ல வழி. பல ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

செங்கல்லில் வளைவு கட்டுவது சுலபம், கல் சின்னது. கருங்கல்லில் அப்படி இல்லை. கூரத்தில் கருங்கல் பலகைகளை நிறுத்திவைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மேற்கட்டு இன்று இல்லை. செங்கல் பழகிய வடிவத்தைக் கல்லுக்கு மாற்றும்போது கொத்தர்கள் பட்ட பாடு அந்தச் சுவரில் தெரிகிறது. இந்தப் பரமேசுவரனின் மகன் ராஜசிம்மன்தான் காஞ்சி கைலாசநாதரைக் கட்டினான். அங்கே அடித்தளத்துக்குக் கருங்கல்லை வைத்துக்கொண்டு, மேலே செதுக்க எளிதான மணற்கல்லுக்குப் போய்விட்டார்கள். அப்பா காலத்துச் சிரமத்தைப் பார்த்துவிட்டுத்தான் மகன் கைலாசநாதரைப் பார்க்க வேண்டும். 'முதல்' என்ற சொல் இந்தத் தயக்கத்தை ஒரு சாதனையாக மாற்றிவிடுகிறது.

அடுத்து செப்பேடு. கூரம் செப்பேட்டை ஹூல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். இதிலும் ஒரு பட்டப் பகுதி இருக்கிறது. வடமொழியில், பெரிய சேனையோடு வந்த சாளுக்கியன் விக்கிரமாதித்தன் கந்தலைச் சுற்றிக்கொண்டு தனியாக ஓடினான் என்கிறது. அதே விக்கிரமாதித்தனின் 674ஆம் ஆண்டுக் கட்வால் செப்பேடு, அவன் காஞ்சியைப் பிடித்தான், காவிரியின் தென்கரையில் உரகபுரத்தில் பாசறை போட்டிருந்தான் என்கிறது. ரெண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள்! அரசர்களின் புகழுரையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் வரும் நிலக் கணக்கு. ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூரில் கூரம். பாலாற்றிலிருந்து பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு என்ற கால்வாய். கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்று ஒரு ஊர், அதை 25 பங்காகப் பிரிக்கிறார்கள். 3 பங்கு, பூசை செய்யும் அனந்தசிவாசாரியருக்கும் புல்லசர்மருக்கும். 1 பங்கு மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும். 1 பங்கு அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க. மீதி 20 பங்கு சதுர்வேதி பிராமணர்களுக்கு.

இந்தக் கணக்கை இனிப்பாக மட்டும் படிக்கக் கூடாது. 25இல் 20 யாருக்குப் போயிற்று என்பது அன்றைய அதிகாரம் யார் பக்கம் இருந்தது என்பதைச் சொல்கிறது. அந்த நிலத்தில் உழுதவர்களுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 3 பங்கு பூசைக்கு மட்டும் இல்லை, கோயிலில் பழுது பார்க்கும் வேலையும் அந்த இரண்டு பேருடைய பொறுப்புதான். கட்டி முடித்த கையோடு, இது ஒரு நாள் பழுதாகும், அதற்கு வருமானம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர், விளக்கு, கதை, பழுதுபார்ப்பு: ஒரு கட்டடம் உயிரோடு இருக்க என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இன்று கூரத்தை வைணவர்கள் தேடி வருவது ராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்பதால். அந்த நினைவு தலைமுறை தலைமுறையாக ஓதி வருவதால் நிற்கிறது. சிற்பம் பார்க்கிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், முழங்காலை மேலே மடக்கித் தூக்கி ஆடும் பல்லவர் கால கூரத்து நடராசரைப் பார்க்கிறார்கள். செப்பேட்டைப் படிக்கிறவர்கள் நூலகத்தில் இருக்கிறார்கள். சிவன் கோயிலுக்கு என்று மிஞ்சியது அந்த ஒற்றைப் பட்டம்தான்.

நாளைக்கே யாராவது இதைவிடப் பத்து வருசம் பழைய கற்றளி ஒன்றைக் கண்டுபிடித்தால் கூரத்தின் பட்டம் போய்விடும். போகட்டும். கருங்கல்லை வளைக்கப் பட்ட பாடும், பழுதுபார்க்க ஒதுக்கிய பங்கும் அதனால் எங்கேயும் போகாது. அடுத்த முறை காஞ்சிபுரம் போகிறவர்கள் கைலாசநாதருக்கு முன்னால் கூரத்துக்குப் போங்கள். பின்பக்கம் போய் அந்த வளைந்த சுவரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.